ஷட்டருக்குள் ஊதா மை

2025 ஜூலை 11, வெள்ளிக்கிழமை. பகல் ஒன்று ஐம்பதுக்குப் பெரம்பலூர் கடைவீதியில் குருநாதன் பேப்பர் ஸ்டோர்ஸின் இரண்டு ஷட்டர்களும் இறக்கப்பட்டன. அப்போது கடைக்குள் ஒன்பது வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்.

அந்த ஒன்பதில் மூன்று பேர் அரியலூரிலிருந்து வந்தவர்கள். ஒருவர் தங்கசாமி. முதல் மாடியில், பேனா கவுண்டருக்கு எதிரே, விற்பனைக்கு வைத்திருந்த சுழல் நாற்காலியில் பாலித்தீன் உறையைக்கூடப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். இருபத்தாறு வருஷம் பஸ் கண்டக்டராக நின்றே காலத்தை ஓட்டியவர். இப்போது துப்பறியும் மணிமொழிக்கு உதவியாளர். எங்கே நாற்காலியைக் கண்டாலும் உட்கார்ந்துவிடுவார்.

"ஒரு பொணம் போறதுக்கு ஊரே கடையச் சாத்துமா?" என்றார். "எங்க பஸ்ஸுல நாலு பேரு மயங்கி வுழுந்தாலும் டபுள் விசில் குடுத்துட்டுப் போயிட்டே இருப்போம்."

கவுண்டருக்குப் பின்னால் நின்ற அரியமுத்து அறுபதைத் தொட்டவர். சிரிக்கவில்லை. "சாதாரணப் பொணமா சார்? வணிகர் சங்கத்துக்கு இருபது வருஷம் தலைவரு. தொண்ணூத்தி மூணு வயசு, கல்யாணச் சாவு. பேரனுங்க ஆடி முடிச்சுதான் நகருவானுங்க. ஊர்வலம் கடையத் தாண்டாம ஷட்டரத் தூக்கக் கூடாதுன்னு முதலாளி உத்தரவு."

"எவ்வளவு நேரம் ஆகுங்க?" என்று மணிமொழி கேட்டார்.

"போன வருஷம் ஒருத்தருக்கு ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சு. அவரு செயலாளருதான்."

மணிமொழி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தங்கசாமியும் பார்த்தார். நாலு மணிக்குள் அரியலூரில் இருந்தாக வேண்டும். கார் எவ்வளவு பறந்தாலும் ஐம்பது நிமிஷம் ஆகும்.

அரியலூரில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளி. அதில் கண்ணகி பதினெட்டு வருஷமாக ஆய்வக உதவியாளர். ஜூன் பதினேழாம் தேதி பள்ளியின் தபால் பெட்டியில் அவருடைய ராஜினாமாக் கடிதம் கிடந்தது. கடிதம் டைப் செய்தது. கீழே இருந்த கையெழுத்து அவருடையது போலவே இருந்தது. மையும் அவர் எப்போதும் எழுதுகிற ஊதா. "நான் எழுதவே இல்ல" என்றார் கண்ணகி. நிர்வாகக் குழு நம்பவில்லை. வேறு யாராவது போட்ட கையெழுத்து என்றால் ஜூலை 11 மாலை நாலு மணிக்குள் ஆதாரம் வர வேண்டும், வராவிட்டால் ராஜினாமா ஏற்கப்பட்டதாக எழுதிவிடுவோம் என்று சொல்லிவிட்டது.

மணிமொழிக்குக் கிடைத்த ஒரே நூல் அந்த ஊதா மைதான். கண்ணகியின் பேனா ஆய்வக மேசைக்குள், பூட்டில் இருப்பது. பள்ளிக்காகத் திருச்சியிலிருந்து வருவது. கள்ளக் கையெழுத்துப் போட்டவர் அதே பேனாவை எங்காவது வாங்கியிருக்க வேண்டும். மூன்று நாள் அலைந்ததில், இரண்டு மாவட்டத்திலும் அந்தப் பேனாவை விற்கிற கடை இது ஒன்றுதான் என்று தெரிந்தது. இங்கும் ஜூன் பன்னிரண்டாம் தேதிதான் முதல் தடவையாகச் சரக்கு வந்திருக்கிறது.

வந்த பிறகு எல்லாக் கதவும் மூடிக்கொண்டது. பில்லில் 'பேனா 1' என்று இருக்குமே தவிர நிறம் இருக்காது. கேமராவில் பதினைந்து நாளுக்கு மேல் பதிவு நிற்காது. அரியமுத்துவைக் கேட்டால், "ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறக்குற நேரம். ஒரு நாளைக்கு முந்நூறு பேரு. நான் மூஞ்சியப் பாக்கறதே இல்லம்மா. கையத்தான் பாப்பேன். இல்லாட்டி பாதிப் பேனா பாக்கெட்டுக்குள்ள போயிரும்" என்றார்.

பிறகுதான் கடைசிக் கதவாக ஷட்டரும் இறங்கியது.

வெளியே பறை முழங்கியது. சரம் வெடித்தபோது கண்ணாடி அலமாரிக்குள் ஸ்டேப்ளர்கள் அதிர்ந்தன. தாள், பசை, புது ரெக்சின் எல்லாம் சேர்ந்த வாசனையுடன் வெடிமருந்துப் புகையும் ஷட்டரின் அடியில் நுழைந்து மாடி வரை ஏறி வந்தது. மூன்று தளமும் நிறைய பாக்ஸ் ஃபைல், நீளநோட்டு, ரப்பர் ஸ்டாம்பு, ஏ4 கட்டு. ஜன்னல் என்று ஒன்று எங்கும் இல்லை. இருந்த சுவரையெல்லாம் அலமாரி மறைத்திருந்தது.

"என்னால சும்மா நிக்க முடியலம்மா" என்றார் மூன்றாவது ஆள். கண்ணகியின் கணவர் இளையபெருமாள். ரெட்டிபாளையம் பக்கம் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர். இன்றைக்கு அந்த வேலையைப் போட்டுவிட்டுத் தன் காரிலேயே இவர்களை அழைத்துவந்திருந்தார். வழியில் டீ வாங்கிக் கொடுத்து வடையும் சாப்பிட வைத்திருந்தார். மனைவிக்காக இப்படி ஓடுகிற ஆளைத் தங்கசாமி சமீபத்தில் பார்த்ததில்லை. "பதினெட்டு வருஷ வேலம்மா. அவ ராத்திரியெல்லாம் தூங்கல."

மணிமொழி போனில் கடிதத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். 'கண்ணகி' என்று எழுதி, கடைசிச் சுழியைப் பின்னால் இழுத்து அடிக்கோடாக்குகிற கையெழுத்து. அந்த வாலின் நுனியில் மை கொஞ்சம் இழுபட்டிருந்தது. ஈ காலைத் தேய்த்துவிட்டுப் போன மாதிரி.

தங்கசாமிக்குப் பொழுது போகவில்லை. "ஐயா, அந்த ஊதாப் பேனாவ ஒண்ணு காட்டுங்க. மாட்டிக்கிட்டதுதான் மாட்டிக்கிட்டோம், வியாபாரமாச்சும் நடக்கட்டும்."

அரியமுத்து பேனாவோடு ஒரு தாளையும் நகர்த்தினார். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள். கவிழ்த்து வைத்து, அட்டையில் கிளிப் போட்டிருந்தது. தங்கசாமி மேலே ஒரு பிள்ளையார் சுழி போட்டார். கீழே தன் கையெழுத்தை இழுத்தார்.

"அண்ணே" என்றார் மணிமொழி. "ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

"பின்ன? பேனா எழுதுதான்னு பாக்க ராமாயணமா எழுதுறது? கையில எது ஓடுதோ அதத்தான் எழுதணும்."

மணிமொழி அந்தத் தாளையே பார்த்தார். அதில் இவருக்கு முன்னால் எழுதிப் பார்த்த ஐந்தாறு பேரின் கிறுக்கல் இருந்தது. மூன்று பிள்ளையார் சுழி, இரண்டு கையெழுத்து, ஒரு 'முருகா'.

"ஐயா, இந்தத் தாளையெல்லாம் என்ன பண்ணுவீங்க?"

"குப்பையில போட மாட்டம்மா. பாதி பேரு சுழி போடுறான், மீதி பேரு சாமி பேரு எழுதுறான். காலுல மிதிபட்டாப் பாவம்னு முதலாளி சொல்லிட்டாரு. மாசா மாசம் கட்டி வச்சு, ஆடிப் பதினெட்டுக்குக் கொள்ளிடத்துல விட்டுருவோம்."

"இது ஆனி மாசம்" என்றார் மணிமொழி.

"ஆமா?"

"அப்ப இந்த வருஷத் தாளெல்லாம் இன்னும் இங்கதான இருக்கு?"

அரியமுத்து உள்ளே போய் ஓர் ஏ4 அட்டைப்பெட்டியைத் தூக்கிவந்தார். மேலே ஜூன் கட்டு, அடியில் மே, அதற்கும் அடியில் மற்ற மாதங்கள். தங்கசாமிக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கியதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"ஒருத்தன் அடுத்தவங்க கையெழுத்த நாள் கணக்கா எழுதிப் பழகியிருக்கான். அவன் கையில என்னம்மா ஓடும்?"

"பாப்போம் அண்ணே."

"குடுங்க, நான் பாக்கறேன்" என்று இளையபெருமாள் ஜூன் கட்டுக்குக் கை நீட்டினார். மணிமொழி அவர் கையில் மே மாதக் கட்டை வைத்தார்.

"பேனா ஜூன் பன்னெண்டுக்குத்தானே வந்துச்சு?" என்றார் அவர்.

"எதுக்கும் பாத்துருங்க சார்."

ஓடி ஓடி உதவுகிற மனிதருக்கு வெட்டி வேலை கொடுக்கிறாரே என்று தங்கசாமிக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் மணிமொழியிடம் காரணம் கேட்டுப் பயனில்லை. டிக்கெட் கிழித்த பிறகுதான் எந்த ஊர் என்று சொல்கிற ரகம்.

ஜூன் கட்டில் ஊதா மை அபூர்வமாகவே இருந்தது. பதின்மூன்றாம் தேதித் தாளில் ஒரு சுழி. பதினான்கில் ஒன்றும் இல்லை. அடுத்த தாளைத் திருப்பியதும் தங்கசாமி தன்னை மறந்து விசிலடித்தார்.

நீலக் கிறுக்கல்களுக்கு நடுவே ஊதாவில் 'கண்ணகி'. பின்னால் இழுத்த சுழி, அடிக்கோடு, எல்லாம் அப்படியே. வாலின் நுனி மட்டும் தேய்ந்திருந்தது.

மறுபக்கம் சிவப்பு எழுத்து. ஜூன் 15, ஞாயிறு.

"ஞாயித்துக்கெழமையா!" இளையபெருமாள் மே கட்டைக் கீழே வைத்துவிட்டார். "நான் அன்னைக்கே சொன்னேனே. பிரசாத்துதான்!"

பிரசாத் அந்தப் பள்ளியின் அலுவலகக் கண்காணிப்பாளர். ஆய்வகத்துக்கு வராத கண்ணாடிக் குப்பிகளை வந்ததாக எழுதச் சொல்லி, கண்ணகி மறுத்ததிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

"அன்னைக்கு அரும்பாவூர்ல அவரு மச்சான் வூடு குடிபோனாங்க. பெரம்பலூர் வழியாத்தான் போனாரு. போட்டோவே இருக்குது. வர்ற வழியில இங்க பூந்து பேனா வாங்கியிருக்கான்!"

தங்கசாமிக்கு உடம்பு லேசானது. "கேஸ் முடிஞ்சுது மேடம். பொணம் நகர்ந்தா நாமளும் நகர்ந்துரலாம்."

"இத எழுதிக் குடுங்க சார்" என்று மணிமொழி ஒரு வெள்ளைத்தாளை இளையபெருமாளிடம் நீட்டினார். "ஜூன் பதினஞ்சு ஞாயித்துக்கெழம பிரசாத் பெரம்பலூர் வந்தாருன்னு. உங்க வாக்குமூலத்தோட சேத்துக் குடுத்தாக் குழு நம்பும்." கவுண்டரில் கிடந்த ஊதாப் பேனாவையே எடுத்துக் கொடுத்தார்.

இளையபெருமாள் குனிந்து மளமளவென்று எழுதினார். தேதி போட்டார், கையெழுத்துப் போட்டார். வலது கட்டைவிரலால் கையெழுத்தின் நுனியை ஒரு தேய் தேய்த்துப் பார்த்துவிட்டு நீட்டினார்.

வெளியே பறை ஒரு கணம் நின்று மறுபடி பிடித்தது.

"எதுக்கு சார் தேய்ச்சீங்க?" மணிமொழியின் குரலில் வித்தியாசம் எதுவும் இல்லை.

"தொழில் பழக்கம்மா." அவர் சிரித்தார். "டிரிப் சீட்ட டிரைவருங்க வேர்வைக் கையோட புடிப்பானுங்க. மை கலைஞ்சிருந்தா ஃபேக்டரி கேட்டுல வண்டிய உள்ள உட மாட்டான். அதனால எந்தச் சீட்டுல கையெழுத்துப் போட்டாலும் தேய்ச்சுப் பாக்காமக் குடுக்கறதில்ல."

மணிமொழி கவுண்டர் மேல் மூன்றையும் வரிசையாக வைத்தார். வாக்குமூலம், காலண்டர் தாள், போனில் கடிதத்தின் படம். மூன்றிலும் கையெழுத்தின் நுனி ஒரே பக்கமாக, ஒரே அளவுக்கு இழுபட்டிருந்தது.

இளையபெருமாளின் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. எடுத்துவிட மறந்த பந்தல் மாதிரி.

"எனக்கு இந்த விரலத் தெரியும்மா" என்றார் அரியமுத்து மெதுவாக. "மூஞ்சி தெரியாது. தேய்ச்சுப் பாத்துட்டு, 'என்னய்யா இது, கலையுது'ன்னு கேட்டாரு. 'காய உடுங்க சார்'ன்னேன்."

"எவனோ தேய்ச்சான்னா நானா?" இளையபெருமாள் தாளைப் புரட்டிச் சிவப்பு எழுத்தைத் தட்டினார். "ஞாயித்துக்கெழம நான் ஜெயங்கொண்டத்துல கண்ணகியோடத்தான் இருந்தேன். அவளையே கேளுங்க!"

"ஞாயித்துக்கெழம இந்தக் கடை தொறக்கறதே இல்லைங்க" என்றார் மணிமொழி. "கீழ போர்டு தொங்குது, ஞாயிறு விடுமுறைன்னு. ஐயா, காலண்டர எப்பக் கிழிப்பீங்க?"

"காலையில கடை தொறந்ததும். முந்தின நாள் தாளக் கிழிச்சு இங்க மாட்டிருவேன். சனி, ஞாயிறு ரெண்டு தாளும் திங்கக்கெழமதான் கிழியும்."

"அப்ப இது பதினாறாந்தேதி, திங்கக்கெழம எழுதுனது. பிரசாத் அன்னைக்குப் பூரா பள்ளிக்கூடத்துல. ஆய்வுக்கு ஆள் வந்திருந்தாங்க, அவரு நகரவே இல்ல. நீங்க எங்க இருந்தீங்க சார்? அன்னைக்குப் பெரம்பலூர் பக்கம் எறையூர் மில்லுக்கு லோடு பேசப் போனதா வர்ற வழியில நீங்களே சொன்னீங்க."

இளையபெருமாள் திரும்பிப் படியில் இறங்கினார். தங்கசாமி பின்னாலேயே போனார். கீழ்த்தளத்தில் மற்ற ஆறு பேரும் கிராஃப் நோட்டுக் கட்டுகள் மேல் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்கள். முதலாளி குருநாதன் கல்லாவில் இருந்தார்.

"ஷட்டரத் தூக்குங்க. அவசரமாப் போவணும்."

"பொணம் வாசல்ல நிக்குது சார்" என்றார் குருநாதன். "தாண்டட்டும்."

இளையபெருமாள் ஷட்டரின் இரும்பில் உள்ளங்கையை வைத்தார். அந்தப் பக்கம் பறையின் அதிர்வு அவர் கையில் ஏறுவதைத் தங்கசாமி பார்த்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இத்தனை வருஷத்தில் டிக்கெட் எடுக்காமல் பிடிபட்ட எத்தனையோ பேரை அவர் பார்த்திருக்கிறார். எல்லாரும் முதலில் கதவைத்தான் பார்ப்பார்கள்.

"வாங்க சார், மேல ஃபேனாச்சும் இருக்கு" என்றார்.

மேலே வந்ததும் இளையபெருமாள் அந்தச் சுழல் நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

"எங்கம்மா படுக்கையில விழுந்து மூணு வருஷம் ஆவுது" என்றார் தரையைப் பார்த்து. "வேலைய வுட்டுட்டு வூட்டுல இருன்னு எத்தன தடவ சொன்னேன்! ஆளு வச்சுப் பாத்துக்கலாம்ங்கறா. சொந்தத்துல என்ன பேசுவாங்க? கேட்டுக் கேட்டுப் பாத்தேன், கேக்கல. அதான் நானே எழுதிட்டேன். காலையில அவள வண்டியில கொண்டுபோயி வுட்டுட்டுப் பெட்டியில போட்டேன்."

"அவங்க ஒத்துக்குவாங்கன்னு நெனச்சீங்களா?" என்றார் மணிமொழி.

"ரெண்டு நாள் அழுவா, அப்புறம் சரியாப் போயிரும்னு நெனச்சேன். ரேஷனுக்கு, கேஸுக்கு எல்லாத்துக்கும் அவளுக்கு நான்தான் கையெழுத்துப் போடறேன். கட்டுனவளுக்குப் போடறது பெரிய குத்தமா?"

"உங்க ஆத்தாவ நீங்க பாத்துக்கறது அதவுடச் சின்ன வேல சார்" என்றார் தங்கசாமி. சொன்ன பிறகுதான் காலையில் தின்றது அவர் வாங்கிக் கொடுத்த வடை என்பது நினைவுக்கு வந்தது.

மணி இரண்டு ஐம்பத்தைந்து. பறை மெல்ல நகர ஆரம்பித்தது. தங்கசாமி மனசுக்குள் பஸ் நேரங்களை ஓட்டிப் பார்த்தார். நல்ல செய்தி எதுவும் இல்லை.

"மேடம், கெளம்பினா அடுத்த வண்டி மூணு இருபதுக்கு. எல்லா ஸ்டாப்பிங்கும் நின்னு அரியலூர் போறப்ப நாலரை ஆயிரும். டாக்சி பிடிக்கலாம்னா ஊர்வலத்துல ரோடே அடைச்சிருக்கு. நேரத்துக்குப் போவணும்னா..."

ஊர்வலம் வராத பின்பக்கச் சந்தில் நிற்கிற இளையபெருமாளின் கார்தான் ஒரே வழி. அதை மூன்று பேரும் ஒரே நேரத்தில் நினைத்தார்கள்.

அப்போது இளையபெருமாளின் போன் அடித்தது. திரையில் 'கண்ணகி'. அவர் எடுக்கவில்லை. மணிமொழி கை நீட்டி ஒலிபெருக்கியை அழுத்தினார்.

"என்னங்க, கெளம்பிட்டீங்களா? எல்லாரும் உள்ள வந்து உக்காந்துட்டாங்க. பிரசாத் சாரு கூட வந்துட்டாரு. எதாச்சும் கெடச்சுதா?"

இளையபெருமாள் போனை மணிமொழி பக்கம் நகர்த்தினார்.

"கெடச்சுதும்மா" என்றார் மணிமொழி. "நாலுக்குள்ள வந்துருவோம்." போனை வைத்துவிட்டு அவரிடம் திரும்பினார். "சார், இந்தத் தாள் எப்படியும் இன்னைக்கு இல்லாட்டி நாளைக்குக் கோர்ட்டு வரைக்கும் போயிப் பேசும். நாலு மணிக்கு முன்னாடி நீங்க பேசுனா உங்க சம்சாரத்துக்கு வேலையாச்சும் நிக்கும். சாவி உங்ககிட்ட இருக்கு."

கீழே ஷட்டர் கடகடவென்று மேலேறியது. வெயிலும் சாமந்தி இதழ்களும் வாசலில் கிடந்தன.

மணிமொழி ஊதாப் பேனாவுக்குப் பணம் கொடுத்தார். காலண்டர் தாளுக்கு அரியமுத்து ஒரு பிளாஸ்டிக் உறை கொடுத்தார். "கொள்ளிடத்துக்குப் போவேண்டிய தாளும்மா" என்றார்.

"கோர்ட்டு முடிஞ்சதும் நானே கொண்டாந்து வுடறேன்" என்றார் தங்கசாமி.

இளையபெருமாள் காரை எடுத்தார். தங்கசாமி முன் சீட்டில், அவர் பக்கத்தில். ஜன்னல் கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. பாதி வழியில் ரயில்வே கேட் எதுவும் வந்துவிடக் கூடாதே என்று தங்கசாமி வேண்டிக்கொண்டார். குறுக்கே சிமெண்ட் லாரி ஒன்று வந்தபோது இளையபெருமாள் ஹாரன்கூட அடிக்காமல் அது போகும் வரை காத்திருந்தார்.

மூன்று ஐம்பத்தேழுக்குக் கார் பள்ளி வாசலில் நின்றது. குழுவின் முன் இளையபெருமாள், அந்தக் கையெழுத்து தான் போட்டதென்று தன் கையால் எழுதிக் கொடுத்தார். மேசை மேல் இருந்த காலண்டர் தாளைக் கண்ணகி பார்த்தார், கணவரைப் பார்த்தார்.

"என் கையெழுத்த என்னவிட நல்லாப் போட்டிருக்கீங்க" என்றார்.

நாலு இருபதுக்கு ராஜினாமாக் கடிதம் செல்லாது என்று தீர்மானம் எழுதப்பட்டது. கண்ணகி அன்று மாலை ஐந்தரை பஸ்ஸில் ஜெயங்கொண்டத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனார். ஜூலை 14, திங்கட்கிழமை காலை எட்டு ஐம்பதுக்கு வேலைக்கு வந்து ஆய்வகத்தைத் திறந்தார். அன்று மதியம் உணவு இடைவேளையில் காவல் நிலையத்துக்குப் போய்க் கணவர் மீது புகார் கொடுத்தார்.